கற்பூரவல்லி மேல் விழுந்த பழி

பொய்யென்றால் என் மீசையை வழித்துத் தட்டில் வைத்து உங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன்! மருதமலைப் படி அத்தனையும் முழங்காலால் ஏறுகிறேன்! ஒரு சொல் ஏற்றாமல், ஒரு சொல் இறக்காமல், நடந்தது நடந்தபடி சொல்லப்போகிறேன். இதற்கு முன்னால் நொய்யலில் முதலை பார்த்ததாக நான் சொன்னதை இதோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு விஷயம், அதுவும் உண்மைதான். சனிக்கிழமை காலை. வடவள்ளியில் ஒரு நாய் டாக்டரின் கிளினிக் வாசல் பெஞ்சு. மடியில் பழைய துண்டை விரித்து, துண்டின் மேல் பிங்கி என்கிற வெள்ளைப் பொமேரியனைப் போட்டுக்கொண்டு சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். கோபமாக உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் காது மடலில் ஈரத் துணியைப் போட்டிருந்தால் இஸ்திரியே ஆகியிருக்கும். நாய் அவருடையது இல்லை, மேல் வீட்டு ஹேமலதா டீச்சருடையது. டீச்சர் உள்ளே பேர் பதிந்துகொண்டிருந்தார். நாய் இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, வாந்தி எடுக்கிறது, நேற்றிலிருந்து மாடிப்படி ஏறமாட்டேன் என்று முதல் படியிலேயே படுத்துவிட்டது. இதற்கெல்லாம் காரணம் சென்னியப்பன் வீட்டு முன்னால் தழைத்து நிற்கிற கற்பூரவல்லிச் செடிதான் என்று காம்பவுண்டில் இருக்கிற அத்தனை வீடும் கூடி முடிவுகட்டியிருந்தது.

கற்பூரவல்லியாம். விஷமாம். எவன் கண்டான்? செல்போன் கண்டதாம். காம்பவுண்டு செக்ரட்டரி சம்பத்து காலங்காத்தால வந்து கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, உள்ளே வந்தால் செடி கடித்துவிடும் என்கிற மாதிரி நின்று, "ஏனுங்கய்யா, கூகுள்ல போட்டுப் பாத்தனுங்க. நாய்க்கு ஆகாத செடின்னு தெளிவா வருதுங்க. திங்கக்கெழமைக்குள்ள எடுத்துப்போடுங்க" என்கிறான். "உன்ற கூகுளு இருமுனா அதுக்கு என்னத்தடா குடுப்பாங்க?" என்று கேட்டதுதான் தாமதம், போனைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டான். போன மழையில் அவன் மகளுக்கு மார்ச்சளி கட்டி மூச்சு விசில் அடித்தபோது அவன் பெண்டாட்டி விடிவதற்கு முன்னால் சேலைத் தலைப்பில் எதைப் பறித்துக்கொண்டு ஓடினாள், கூகுளையா? கேட்டிருந்தால் கூடையோடு கொடுத்திருப்பார். கேட்க மாட்டார்கள். கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, திருடி நட்டால்தான் தழைக்கும் என்று ஒரு சாஸ்திரம். சரி, திருடிவிட்டுப் போகட்டும் என்று ஜன்னலுக்கு உள்ளே நின்று, பறிக்கிறவர்கள் பறித்து முடிக்கும்வரை இருமலைக்கூட அடக்கிக்கொண்டு நின்ற மனுசன் அவர். அந்தக் காம்பவுண்டில் எந்த பால்கனியில் பெயிண்ட் டப்பாவில் கற்பூரவல்லி இல்லை? எல்லாம் இந்தச் செடியின் பிள்ளைகள், பேரன் பேத்திகள். பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு தாயைப் பிடுங்கிப் போடு என்கிறார்கள். நன்றி என்று ஒன்று இருக்கிறதா? எப்பேர்ப்பட்ட செடி! ஒரு கொப்பை ஒடித்தால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்கு மூக்கடைப்பு விடும். ஒருமுறை டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து மூச்சை இழுத்துவிட்டுப் போனான். மில்லில் முப்பது வருசம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு இது. கூட வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் இருக்கிறார்கள். இந்த இலைச் சாறு இல்லையென்றால் சென்னியப்பனும் ரிடையர் ஆகியிருக்கமாட்டார், போட்டோ ஆகியிருப்பார். அதைப் போய் விஷம் என்றால்? மடியில் பிங்கி அசைந்தது. வயிற்றுக்குள் ஏதோ உருண்ட மாதிரி ஒரு சத்தம். அவர் கை தானாக அதன் முதுகைத் தடவியது. முதுகெலும்பு விரலில் தட்டியது. போன வாரம் இப்படித் தட்டவில்லையே. அன்றைக்கு முடிதான் தட்டுப்பட்டது, பஞ்சு மூட்டையில் கை விட்ட மாதிரி.

பக்கத்தில் ஓர் அம்மாள் ஆட்டுக் கிடாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிடாய் கிளினிக் வாசல் மிதியடியின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. "ஏனுங்க, நாய்க்கு என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டார். "செடியத் தின்னுபோடுச்சாமுங்க" என்றார் சென்னியப்பன், அந்த 'ஆம்' மேல் ஒரு மூட்டை கோபத்தை ஏற்றி. "நாயி எங்கீங்க செடி திங்குது! இந்தச் சனியன் திங்கும். துணியத் திங்கும், செருப்பத் திங்கும், போன மாசம் கல்யாணப் பத்திரிகையக் கவரோட தின்னுபோடுச்சு. நாயி வகுறு சரியில்லீன்னா ரெண்டு புல்லக் கடிக்கும், அவ்வளவுதானுங்க." சென்னியப்பனுக்கு அந்த அம்மாள் காலில் விழலாம் போல இருந்தது. இதைத்தானே அவர் நாக்கு வறளக் கத்தினார்? கற்பூரவல்லி வாசம் அடித்தால் நாய் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அக்கட்டால போய்விடும், அது ஒரு இலைகூடக் கடிக்கவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று. நம்பினார்களா? "அப்பறம் எப்படீங்கய்யா வாந்தில பச்ச எல வாசம் அடிக்குது?" என்று சம்பத்து கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. சென்னியப்பன் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவன் முகத்துக்கெல்லாம் பதில் சொல்வதா என்றுதான் சொல்லவில்லை, வேறு ஒன்றும் இல்லை. "நாயாத் திங்காதுங்க" என்றார் ஆட்டுக்கார அம்மாள், கிடாயின் வாயிலிருந்து மிதியடி நாரை இழுத்தபடி. "எவனாச்சும் எதையாச்சும் குடுத்திருப்பான். ஊர்ல ஆளுக்கொரு வைத்தியம்." அந்த அம்மாளையும் இப்போது சென்னியப்பனுக்குப் பிடிக்கவில்லை. கிடாய் வளர்க்கிற பொம்பளைக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்?

எவனாச்சுமா? எவனாச்சும் என்றால் யார்? செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த நாய் இருமியது யார் காதில் விழுந்தது? செக்ரட்டரி காதிலா? டீச்சர் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் பொழுதோடதான் வருவார். அதுவரை மேலே பூட்டிய வீட்டுக்குள் அது கக்கு கக்கு என்று இருமுகிறது, தொண்டையில் முள் சிக்கிய மாதிரி. சாவி கீழ் வீட்டில்தான் இருக்கிறது. வழக்கமாக மத்தியானம் போய்ப் பார்க்கிறவள் அவர் பெண்டாட்டி ருக்குமணி. அவள் மகள் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போய் உட்கார்ந்திருக்கிறாள். ஆக இருமலைக் கேட்டவர் ஒரே ஆள்தான். மனுசன் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பானா? அந்த இருமலைக் கேட்டதும் அவருக்கு நாயா ஞாபகம் வந்தது? சின்னவன் ஞாபகம் வந்தது. ஒரு வயசுகூட ஆகாத பொடியன், தகர வீட்டில் மழை கொட்ட, மூச்சை இழுக்க இழுக்க விலா எலும்பு உள்ளே போய் வந்தது. ருக்குமணி அழ, இவர்தான் இலையை அடுப்புத் தணலில் காட்டி வாட்டி, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து, துளசி, சின்ன வெங்காயம் தட்டிப் பிழிந்த சாறு, தேன், எல்லாம் சேர்த்துப் பாலாடையில் ஊற்றிக் கொடுத்தார். பொழுது விடிந்தபோது பயல் சிரித்தான். இன்றைக்கு அந்தப் பயல் ஓசூரில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறான். அந்தக் கை மறக்குமா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் கைதான் இலையைப் பறித்தது, அந்தக் கைதான் கைப்பிடி வெங்காயத்தை உரித்தது. சாமி அலமாரிக்குள் துணி சுற்றி வைத்திருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்ததும் அதே கைதான். தப்பா? கரண்டியில் கொடுத்தால் கடித்துவிடும், பாலாடையில் கொடுத்தால் மூக்கு நனையாமல் இறங்கும், இது ஒரு சாதாரண விஷயம். மூன்று பிள்ளைகள் குடித்த பாலாடை என்று ருக்குமணி ஆடுவாள். ஆடட்டும். புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்து, மறுபடி புளி போட்டுத் தேய்த்து வைத்தாயிற்று. சொல்ல வேண்டியது அவளிடம் இல்லை. யாரிடமும் இல்லை. புதன்கிழமை இருமல் பாதியானது. வியாழக்கிழமை நின்றே போய்விட்டது! அதை யாராவது பேசினார்களா? இருமல் நின்றதற்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? நின்ற பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று அன்றைக்கும் ஒரு வேளை, வெள்ளிக்கிழமை ஒரு வேளை. இந்தக் கழுதை வேண்டாம் என்று சொன்னதா? தேன் ருசிக்கு நக்கி நக்கிக் குடித்துவிட்டு, அவர் கையையும் நக்கிவிட்டு, வாலை ஆட்டி ஆட்டி, நாளைக்கும் வருவீர்களா என்கிற மாதிரி பார்த்தது. இப்போது வாந்தி எடுத்தால் யார் பொறுப்பு? குழந்தைக்கு மருந்தாக இருக்கிற ஒரு இலை நாய்க்கு எப்படி விஷமாகும்? நாய் என்ன மேலோகத்திலிருந்து வந்த குழந்தையா? அதற்கும் அதே நெஞ்சு, அதே சளி, அதே தொண்டைதானே? இருக்க முடியாது. அந்தச் செடி அப்படிச் செய்யாது. செய்யாது. பிங்கி மெல்லத் தலையைத் தூக்கி அவர் முழங்கையில் சாய்த்தது. மூக்கு காய்ந்து, வெயிலில் கிடந்த ரப்பர் மாதிரி சூடாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் எதிரே சுவரில் ஒட்டியிருந்த வெறிநாய்க்கடிப் படத்தை முறைத்தார்.

"பிங்கி!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், ஏதோ பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுகிற மாதிரி. டீச்சர் ஓடிவந்து, "நீங்களே தூக்கிட்டு வந்துருங்கண்ணா" என்றார். மேலே தனியாக இருக்கிற மனுசி. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருசம் யாரோ கொண்டுவந்து விட்ட குட்டி இது. சாயங்காலம் படியேறும்போதே, "பிங்கீ, அம்மா வந்துட்டேன்" என்று டீச்சர் குரல் கொடுப்பதும், உள்ளேயிருந்து கதவைப் பிராண்டுகிற சத்தமும் கேட்டுத்தான் சென்னியப்பன் டீ போட எழுந்திருப்பார். கடிகாரம் பார்க்கிற வழக்கம் எப்போதோ போய்விட்டது. நேற்றுக் குரல் கேட்டது. பிராண்டல் கேட்கவில்லை. டீ போடவில்லை. டாக்டர் சின்னப் பையனாக, பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு, நாயின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். உதடு தூக்கிய இடத்தில் ஈறு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "மூத்திரம் எப்படிங்க போகுது?" "டிகாஷன் நெறத்துல போகுதுங்க டாக்டர், இன்னிக்குக் காலைலருந்து." "என்ன தின்னுச்சு?" டீச்சர் சென்னியப்பனைப் பார்க்காமல், பார்த்தால் மனசு நோகுமே என்று தரையைப் பார்த்து, "கற்பூரவல்லிச் செடின்னு சொல்றாங்க" என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். "அது நாய்க்கு ஆகாதுதாங்க." சென்னியப்பனின் காதுக்குள் இரத்தம் குபுக்கென்று ஏறியது. "கொழந்தைக்குக் குடுக்கறதெல்லாம் இதுக்கு ஒத்துக்காது. அந்த எண்ணெய்ச் சத்து வகுத்தப் பெரட்டும், வாந்தி வரும், பேதி போகும். ஆனா ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும். ஈறு இப்படி வெளுக்காது. இது ரத்தம் ஒடையுதுங்க. வெங்காயம், பூண்டு ஏதாச்சும் குடுத்தீங்களா?" "இல்லவே இல்லீங்க டாக்டர்! வெங்காயம் நாய்க்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தயிர்சாதந்தான், வேகவெச்ச முட்டைதான். வீட்டுல வேற யாருமே இல்லீங்க." "அப்ப உண்ணிக் காய்ச்சலாத்தான் இருக்கோணும். அதுக்கும் இப்படித்தான் வெளுக்கும். அதுக்கே ஊசி ஆரம்பிச்சிடறேன். இந்த மருந்த முன்னால கடையில வாங்கிட்டு வந்துருங்க."

வெங்காயமா? சென்னியப்பனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. சாம்பாரில் போடுகிற வெங்காயமா? பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்கிற வெங்காயமா? அது இரத்தத்தை உடைக்குமா? இவன் படித்தானா, பாஸ் பண்ணினானா? தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தில்தான் இந்தச் சனமே நிற்கிறது, ஒருத்தனுக்காவது ஈறு வெளுத்திருக்கிறதா? பிறகு, நில், நில் என்று உள்ளே ஒரு குரல், செடி தப்பித்ததே! டாக்டர் வாயாலேயே வந்துவிட்டதே, செடி இதைச் செய்யாது என்று! சம்பத்தின் முகத்தில் இதைத் தேய்க்க வேண்டும், காம்பவுண்டைக் கூட்டி வைத்துத் தேய்க்க வேண்டும் என்று கால் துள்ளியது, துள்ளிய கால் அப்படியே நின்றது. செடி செய்யவில்லையென்றால் யார் செய்தது? கைப்பிடி. உரித்தபோது கண் எரிந்தது. எரிந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது, வீரியமான வெங்காயம் என்று சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் வேற யாருமே இல்லீங்க என்கிறாள் அந்த மனுசி. மேசை மேல் பிங்கி கிடந்தது, வயிறு மேலும் கீழும், மேலும் கீழும், பொடியனுக்கு அன்றைக்கு விலா இறங்கி ஏறியது மாதிரி. டாக்டர் ஊசியில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தான். உண்ணிக் காய்ச்சல் மருந்து. உண்ணியும் இல்லை, காய்ச்சலும் இல்லை, இல்லாத நோய்க்கு மருந்து ஏறப்போகிறது, இருக்கிற நோய் உள்ளே தின்றுகொண்டிருக்கப் போகிறது. சும்மா நிற்கலாம். தானாகத் தெளிந்தாலும் தெளியும். தெளியாவிட்டால்? உண்ணி என்றுதான் சொல்வார்கள். உண்ணிக்கு யாரும் வக்கீல் வைக்கமாட்டார்கள். உண்ணி பாவம், எங்கேயோ மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது, அதற்கு வாயில்லை. செடிக்கும் வாயில்லை. நாய்க்கும் இல்லை. வாய் இருக்கிறவன் ஒருத்தன்தான், அவனோ இரண்டு நாளாக ஊரெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டிருக்கிறான், இந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறான். டீச்சரின் செருப்புச் சத்தம் கிளினிக் படி இறங்கிப் போனது. ஊசி முனையிலிருந்து ஒரு சொட்டு வெளியே தெறித்தது.

"டாக்டர், சின்ன வெங்காயமும் சேத்தீங்களா, பெரிசு மட்டுமா?" "எல்லாம் ஒண்ணுதாங்க. ஏன்?" "ஒரு பேச்சுக்குக் கேட்டனுங்க." டாக்டர் திரும்பி நாயின் காலைப் பிடித்தான். "பச்சையா அரைச்சுப் பிழிஞ்சாலுமுங்களா?" டாக்டரின் கை நின்றது. "சாறாங்க? அதுதாங்க ரொம்ப மோசம்." சென்னியப்பன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "கைப்பிடி. நாலு நாளா. தினம் மத்தியானம். தேன் ஊத்தி." "யாருங்க குடுத்தது?" என்றான் டாக்டர். "அதெதுக்கு உங்களுக்கு?" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த கிடாய் கனைத்தது. "வைத்தியம் பாக்க வந்தா வைத்தியம் பாருங்க! போலீசு வேலையா பாக்கறீங்க? மொதல்ல அந்த ஊசியக் கீழ வைங்க!" டாக்டர் ஊசியைக் கீழே வைத்தான். வேறு பாட்டிலை எடுத்தான், இரத்தம் எடுத்துப் பார்க்க ஆளைக் கூப்பிட்டான், டிரிப் ஸ்டாண்டை இழுத்தான், "இப்பவாச்சும் சொன்னீங்களே, பொழுதோட வரைக்கும் விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும்" என்றான். "யாரு சொன்னாங்கன்னு மட்டும் அந்தம்மா கிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி" என்றார் சென்னியப்பன். டாக்டர் நரம்பு தேடிக்கொண்டிருந்தான்.

டீச்சர் மருந்துப் பையோடு வந்து நின்று, மாறிப்போன பாட்டிலைப் பார்த்தார். "உண்ணி இல்லீங்க" என்றார் டாக்டர். "எவரோ வெங்காயச் சாறு குடுத்திருக்காங்க. அதுக்குத்தான் இப்ப பாக்கறேன். இன்னிக்கும் நாளைக்கும் இங்கயே இருக்கட்டும். தப்பிச்சுக்கும்னு நெனைக்கறேன். செடிய மட்டும் எட்டாத எடத்துல வைக்கச் சொல்லுங்க, அதும் ஒத்துக்காது." அவ்வளவுதான், சென்னியப்பனுக்குள் இரண்டு நாளாகச் செக்ரட்டரி மேலும் செல்போன் மேலும் டாக்டர் மேலும் கிடாய்க்காரி மேலும் பாய்ந்து பாய்ந்து இடம் கிடைக்காமல் திரும்பி வந்த கோபம் முழுக்க ஒரே இடத்தில் போய் விழுந்தது. "எவன்டா அவன்?" என்று ஆரம்பித்தார். "அறிவு கெட்டவன்! நாய்க்கும் கொழந்தைக்கும் வித்தியாசம் தெரியாதவன்! எளப்பமான உசுரு, கேக்க வாயில்ல, ஊத்துனா முழுங்கிக்கும்னு ஊத்தறதா? நாலு பேர்கிட்டக் கேக்கறதில்லையா? கேட்டாக் கௌரவம் போயிருமா? நக்கி நக்கிக் குடிச்சதாம்! நம்பிக் குடிச்சதுடா! அவங்கையி அழுகிப் போக!" சத்தத்தில் அவர் வேட்டி நடுங்கியது. கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். சுத்தமான, கலப்படமில்லாத ஆத்திரம். அன்றைக்கு அவர் பட்ட கோபங்களில் சரியான விலாசத்துக்குப் போனது இது ஒன்றுதான். மூச்சு வாங்க நிறுத்தியபோது டீச்சர் பிங்கியின் காதை நீவிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "வெய்யாதீங்கண்ணா. இருமல் பாத்து மனசு கேக்காமக் குடுத்திருப்பாரு. வயசானவரு. வீட்டுல வேற ஆளும் இல்ல அவருக்கு." சென்னியப்பன் திறந்த வாயை அப்படியே வைத்திருந்தார். கிழவனா குமரனா, இருமலுக்கா வேறெதற்கா என்று அந்த அறையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. டீச்சர் கைப்பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டார். "என்ற கையி அழுகாது போங்க" என்று என்னவோ முனகினார், அது யாருக்கும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்டது. எப்படிக் கேட்டது என்று கிளறாதீர்கள், கிளறினால் மனஸ்தாபம் வரும். நாய் பிழைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்களுக்குத் தூக்கம் வராது. இத்தனையும் உங்கள் காதோடு நிற்கட்டும். எவனாவது துருவினால், காற்றுவாக்கில் வந்த பேச்சு என்று சொல்லித் தள்ளிவிடுங்கள். என் பேரை மட்டும் இழுத்துவிடாதீர்கள். எனக்கும் அதே காம்பவுண்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது.